கல் மாதிரி நின்ற பிரேக்

எங்கள் குவார்ட்டர்ஸில் வண்டியைப் பற்றித் தெரியாத ஆண்பிள்ளை ஒருவர்கூடக் கிடையாது. ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில் எல்லோருக்கும் வேலை. அதனால் சக்கரம் வைத்த எதுவும் தங்களுக்கு அடங்கியது என்று ஒரு நினைப்பு. ஒருவர் பெயின்ட் அடிப்பார், ஒருவர் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுப்பார், இன்னொருவர் கேன்டீனில் டோக்கன் கிழிப்பார். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டால் மூவரும் எஞ்சினியர்கள். யார் வீட்டு ஸ்கூட்டர் நின்றாலும் ஐந்து நிமிடத்தில் ஏழு பேர் கூடுவார்கள். ஏழு பேரும் ஏழு காரணம் சொல்வார்கள். ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கமாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் அங்கே ஃபிட்டர். நல்ல ஃபிட்டர்தான், பொய் சொல்லக்கூடாது. வீட்டுக் குழாய் ஒழுகினால்தான் சரிசெய்ய மூன்று மாதம் ஆகும். நான் ஆவடியில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கார் வந்தது. என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த ஜப்பான்காரன் வண்டி. வரும்போதே அதற்குப் பத்து வயது தாண்டியிருந்தது. ஆறு மாதம் வைத்துப் பார்த்தார். சாமான் கிடைக்கவில்லை, மெக்கானிக் கிடைக்கவில்லை. தம்பிக்குக் கொடுத்த மாதிரியும் இருக்கும், தலைவலி தீர்ந்த மாதிரியும் இருக்கும் என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார். வண்டியின் பின்பக்கம் சிவப்பு எழுத்தில் டர்போ என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அந்த எழுத்தைத்தான் தேய்ப்பார்.

பக்கத்து வீட்டுக்காரர் டர்போவை எங்களுக்கெல்லாம் விளக்கினார். இவர் என் வீட்டுக்காரருடைய செக்‌ஷனிலேயே சார்ஜ்மேன், அதாவது அவருக்கு மேலதிகாரி. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் பழைய டாக்சி ஓட்டியவர். ஆகவே எங்கள் வரிசையில் கார் விஷயத்தில் அவர் வாக்குத்தான் வேதவாக்கு.

"பொகையை வெளிய உடாம திருப்பி எஞ்சினுக்குள்ளயே ஊதும் மச்சான். அதான் அந்தப் பவரு," என்றார்.

அப்படி ஊதினால் எஞ்சின் செத்துப்போகும். வெளியே போகிற புகை ஒரு காற்றாடியைச் சுற்றும், அந்தச் சுழற்சியில் இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும். அவ்வளவுதான் டர்போ. நான் சொன்னேன். "தங்கச்சி புக்குல படிச்சிகினு வந்து சொல்லுது," என்று அவர் சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்தார். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் தம் பங்குக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். எங்கள் வீட்டில் முறையாக டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரருக்கு லைசென்ஸ் எப்படி வந்தது என்று கேட்கக்கூடாது. வந்தது. இருந்தாலும் நான் வண்டியை எடுத்தால் மட்டும் வாசலில் நின்று, "பார்த்து, பார்த்து," என்று கையை ஆட்டுவார்.

நாலைந்து மாதத்தில் வண்டி நின்ற இடத்தில் ஜுரம் வந்தது போல உதற ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலப்பன்சாவடியில் தமக்குத் தெரிந்த ஷெட்டுக்கு அனுப்பினார். லாரி பார்க்கிற ஷெட். அந்த மெக்கானிக் எஞ்சினிலிருந்து பிரேக்குக்குப் போகிற ஒரு ரப்பர் குழாய் வெடித்திருப்பதைக் கண்டுபிடித்தான். அதுவரைக்கும் சரி, அதற்கு அவனைப் பாராட்டலாம். காலால் மிதிக்கிற பலம் போதாது என்று, எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற வேகத்தைக் கொண்டு நம் மிதியைப் பலமாக்கித் தருகிற ஒரு பெரிய தகர டப்பா அந்த மாதிரி வண்டியில் இருக்கும். அதைத்தான் பவர் பிரேக் என்கிறார்கள். டப்பாவிலிருந்து காற்றை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்குத்தான் அந்தக் குழாய்.

பழைய குழாயைப் பிடுங்கும்போது அதன் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சாமான் இருந்தது. மெக்கானிக் அதை வாயில் வைத்து ஊதியிருக்கிறான். ஒரு பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போயிருக்கிறது. திருப்பி வைத்து ஊதினால் போகவில்லை.

"பாதி அடைச்சிகினு கீது சார். இதுனாலதான் வண்டி உதறுது," என்று அதைக் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, புதுக் குழாயை நேராக மாட்டிவிட்டான். வெடித்த குழாய் மாறியதும் உதறல் நின்றுவிட்டது. அதனால் அவன் மேதாவி ஆகிவிட்டான்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அந்தச் சாமான் ஒரு சுற்று வந்தது. என் வீட்டுக்காரர் ஊதினார். பக்கத்து வீட்டுக்காரர் ஊதினார். "இன்னாமா அடைச்சிகினு கீது பாரு!" என்றார். நானும் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஊதினேன். ஒரு பக்கம் போயிற்று, மறுபக்கம் போகவில்லை. "ஆமா, அடைச்சிருக்கு," என்றேன். பிறகு அது மகளுக்கு ஊதல் ஆயிற்று. இரண்டு நாள் ஊதிக்கொண்டு திரிந்தாள். அப்புறம் எங்கே போட்டாளோ, காணோம்.

அடுத்த வாரம் பூந்தமல்லிக்கு நான் வண்டியை எடுத்துப் போனேன். வழியில் ஓர் ஏரிக்கரை மேடு உண்டு. சாலை கரைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினேன், டர்போ உய்யென்று விசிலடித்தது. உச்சிக்குப் போனதும் எதிரே எருமை. பிரேக்கை மிதித்தால் பெடல் சுவர் மாதிரி நிற்கிறது. உயிரைக் கொடுத்து மிதித்தேன். ஒரு நொடி கழித்துத்தான் பெடல் கேட்டது, வண்டி எருமையின் வால் பக்கம் போய் நின்றது. வீட்டுக்கு வரும்வரை இரண்டாம் கியரைத் தாண்டவில்லை.

வந்ததும் சொன்னேன். உடனே சபை கூடிவிட்டது. வண்டியை வாசலில் வைத்து, பெட்ரோல் செலவாகும் என்று எஞ்சினைப் போடாமலே, பக்கத்து வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து பெடலை நாலு தரம் மிதித்தார். எஞ்சின் ஓடாதபோது நாலு தரம் மிதித்தால் எந்தப் பவர் பிரேக்கும் இறுகித்தான் நிற்கும். அது அந்தச் சபையில் ஒருவருக்கும் தெரியாது. அவர் ஓட்டிய பழைய டாக்சியில் தகர டப்பாவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பெடல் இறுகினால் நல்ல பிரேக், அமுங்கினால் கெட்ட பிரேக். இது அவர் கற்ற வித்தை.

"கல்லு மாதிரி நிக்கிது மச்சான். இதான் பிரேக்கு! உள்ள போனாத்தான் பயப்படணும்."

"அப்ப இவ ஏன் புடிக்கலன்றா?"

"பொம்பளை காலு மச்சான். மாவாட்டுற கை வேற, பிரேக்கு மெரிக்கிற காலு வேற."

ஏழு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, அக்கறையாக ஒரு யோசனை சொன்னார். "நீ அந்த ஹீல்ஸ் செருப்ப மாத்து." நான் ஹீல்ஸ் போட்டதே இல்லை. கட்டிக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகியும் அது அவருக்குத் தெரியாது.

அதற்கப்புறம் பத்து நாள் இருக்கும். எட்டாம் வகுப்பில் அடிபம்பு பாடம். வருஷா வருஷம் நடத்துகிற பாடம்தான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் படம் வரைவேன். உருளை போட்டு, பிஸ்டன் போட்டு, வால்வு போட்டேன். "இது ஒரு பக்கம்தான் திறக்கும். தண்ணியை மேலே விடும், கீழே விடாது. ஏன்?" என்று பிள்ளைகளைக் கேட்டேன். கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். என் வாயாலேயே அந்தச் சாமானை ஊதிவிட்டு, அடைத்திருக்கிறது என்று சொன்னேனே!

அடைப்பே இல்லை. அது வால்வு. டப்பாவிலிருந்து காற்று வெளியே வரலாம், உள்ளே போகக்கூடாது என்பதற்கு வைத்திருந்த வால்வு. இப்போது அது இல்லாமல், மேட்டில் டர்போ காற்றை அழுத்தும்போது அந்தக் காற்று நேராகப் பிரேக் டப்பாவுக்குள் போகிறது. அந்த நேரத்தில் மிதித்தால் பிரேக் உதவிக்கு வராது. எஞ்சின் நின்றுபோனாலும் அதே கதிதான். வால்வு இருந்திருந்தால் டப்பாவுக்குள் இரண்டு மிதிக்காவது பலம் மிச்சம் இருக்கும். இப்போது ஒன்றுக்குக்கூட இல்லை.

ஏழு பேர் முட்டாள்கள் என்றால் எட்டாவது நான்தான். அவர்களாவது பம்பு வரைந்து சம்பளம் வாங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால், மகளின் பொம்மைப் பெட்டியில் எல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்ததும் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். சிங்கப்பூரிலிருந்து வந்த அண்ணனிடம் சொல்லி அங்கிருந்து அந்த வால்வை வரவழைக்கவேண்டும், அதுவரை வண்டியைத் தொடக்கூடாது என்றேன்.

அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஒதவாதுடி. தண்ணி பம்பு வேற, காரு வேற. தெனம் மிலிட்டரி டேங்குக்கு ஆயிரம் நட்டு மாட்றவன்கிட்ட வந்து பிரேக்கு பாடம் எடுக்கிறியே!"

"ஒரு தடவை அந்த மேட்டுல ஏத்திட்டு உடனே மிதிச்சுப் பாருங்க."

"அதெல்லாம் வாசல்லயே மெரிச்சிப் பார்த்தாச்சு."

அன்றோடு நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "தானா ஒத்துகினா பாரு, ஓட்டத் தெரியலன்னு," என்று அவர் வெளியே சொல்லிக்கொண்டார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். பள்ளி நாட்களில் மகளை என்னோடு பஸ்ஸில் கூட்டிப் போனேன். என் பயமெல்லாம் ஒன்றுதான்: இந்த வண்டி ஒரு நாள் யாரையாவது அடிக்கும், அது என் பிள்ளையாக இருக்கும். ராத்திரி அவள் தூங்கும்போது அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். இவ்வளவு பயந்தவள் என்ன செய்திருக்கவேண்டும்? வண்டிச் சாவியை எடுத்துச் சாக்கடையில் போட்டிருக்கவேண்டும். வண்டி கிளம்பியே இருக்காது. அது எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் உறவுக்காரப் பிள்ளைக்குக் கோயிலில் முதன்முதலாக நற்கருணை கொடுக்கிற முதல் நன்மை விருந்து. பஸ்ஸில் போகலாம் என்றேன்.

"வாசல்ல காரு நிக்கிறப்ப பஸ்ல போயி எறங்கினா ஊரே சிரிக்கும். இன்னா பேசுற நீ?" என்று குரலை உயர்த்தினார். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் தெரிந்தன. நான் ஏறினேன். மகளையும் ஏற்றினேன்.

பக்கத்து வீட்டுக்காரரையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முன்சீட்டு அவருக்கு. ஆண்கள் இரண்டு பேர் இருந்தால் லைசென்ஸ் வைத்திருக்கிற பெண்பிள்ளை பின்சீட்டில்தான் உட்காரவேண்டும், அது எங்கள் பக்கத்து வழக்கம். மகள் என் மடியில் இருந்தாள். வெள்ளை கவுன் போட்டிருந்தாள்.

இன்னொரு வழக்கமும் எங்கள் பக்கத்தில் உண்டு. ஸ்கூட்டரானாலும் காரானாலும் மேடு ஏறி உச்சிக்கு வந்ததும் நியூட்ரலில் தள்ளி எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். இறக்கத்தில் வண்டி சும்மா உருளும், பெட்ரோல் மிச்சம். இதைச் செய்யாதவனைக் ஓட்டைக் கைக்காரன் என்பார்கள். அன்றைக்கு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது என் வீட்டுக்காரர் நண்பருக்குக் காட்டவேண்டும் என்று ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினார். டர்போ விசிலடித்தது.

"ஏரோப்ளேன் மாதிரி கீது மச்சான்!"

உச்சியில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். வால்வு இல்லாத வண்டிக்கு என்னவெல்லாம் செய்யக்கூடாதோ அதையெல்லாம் ஒரே மூச்சில் செய்து முடித்தார். "எஞ்சினைப் போடுங்க," என்றேன். "சும்மா வா," என்றார்.

வண்டி சத்தமில்லாமல் இறங்கியது, நொடிக்கு நொடி வேகம் கூடியது. கரையின் அடியில் சாலையோரமாக ஏரி மீன் விற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆகையால் அங்கே சைக்கிளும் கூட்டமுமாக இருந்தது. என் வீட்டுக்காரர் மிதித்தார். அப்புறம் இன்னும் ஓங்கி மிதித்தார். சீட்டிலிருந்து எழும்பி இரண்டு காலையும் வைத்து மிதித்தார். முதுகுப்பக்கம் சட்டை நனைந்ததை நான் பார்த்தேன்.

"புடிக்கல," என்றார். அவ்வளவுதான் குரல் வந்தது.

"மெரி மச்சான், மெரி! கல்லு மாதிரி தானே இருந்துச்சு!" என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார். கத்திவிட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்த மனிதர், "மாதாவே!" என்று முகத்தை மூடிக்கொண்டார்.

"சாவியைப் போடுங்க! கியர்ல போடுங்க!" என்று நான் அலறினேன். அவர் காதில் விழவில்லை. மகளைச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் பாய்ந்து, ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பின்சக்கரம் கிறீச்சிட்டது. வண்டி குறுக்கே திரும்பி, வேகம் குறைந்து, ஒரு மீன்கடையில் மீன் பரப்பியிருந்த பலகைக் கல்லில் இடித்து நின்றது. கல் சரிந்தது. கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவின் இடது காலில் விழுந்தது.

மகளுக்கு உதட்டில் மட்டும் கீறல். அவள் அழுதுகொண்டிருந்தாள், அந்தம்மா அழவில்லை. தரையில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அந்தம்மா தன் காலைப் பார்த்து, "இன்னாடா இது, இன்னாடா இது," என்று முனகிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதே வெளியே கதை உருவாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குரல் திரும்பி வந்திருந்தது. மீன்காரம்மாவின் சொந்தக்காரர்களிடம், வார்டு பாயிடம், டீ கொண்டு வந்தவனிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"திடீர்னு பிரேக்கு பூட்ச்சு. இவன் ஸ்டியரிங்க ஒடிச்சான் பாரு, அதனாலதான் பத்து உசுரு தப்பிச்சுது. இதே தங்கச்சி ஓட்டியிருந்தா அம்மாந்தான், கூட்டத்துல ஏத்தியிருக்கும்."

என் வீட்டுக்காரர் மறுப்பார் என்று நினைத்தேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்த கை எதுவென்று அவருக்குத் தெரியும். இழுக்கும்போது அவர் முழங்கையில்தான் என் கை இடித்தது. அவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னா பண்றது, பழக்கம்தான்," என்றார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பு, அதற்குப் பிறகு எவ்வளவோ நல்லது நடந்தும், முழுசாகப் போகவில்லை.

மறுநாள் அம்பத்தூரிலிருந்து கார் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். அவன் பானெட்டைத் திறந்து குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "எந்த மகராசன் சார் வால்வக் கய்ட்டினது?" என்றான். சபை நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. பிறகு என் வீட்டுக்காரர், "அந்த வேலப்பன்சாவடிக்காரன் டபாய்ச்சிட்டான்," என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் படம் போட்டுக் காட்டிய தாள் அலமாரியில்தான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துக் காட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் ஆர்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு மீன்காரம்மாவைப் பார்க்கத் தனியாகப் போனேன். காலில் தொடைவரை மாவுக்கட்டு. கட்டிலோரம் மகன் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போனான். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கவலப்படாதமா. நேரம், இன்னா பண்றது. உன் ஊட்டுக்காரரு கெட்டிக்காரருன்னு எல்லாரும் சொல்றாங்க. அவுரு ஒடிக்கலன்னா நான் பூட்டிருப்பேனாமே. பொம்பளை யாராச்சும் ஓட்டினு வந்திருந்தா அவ்ளோதானாம். அவுருகிட்ட சொல்லு, நான் கோச்சிக்கலன்னு."

உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தவள் நான் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அதைச் சொல்வதென்றால் மீதியையும் சொல்லவேண்டும்.

"வண்டியில பிரேக் சரியில்லைன்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா. ஒரு மாசமா தெரியும். சொன்னேன், யாரும் கேக்கலை," என்றேன்.

அவள் கையை விடவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"தெரிஞ்சிகினேவா ஏறின?"

"ஆமா."

"கொயந்தையையும் மடில வச்சிகினு?"

நான் தலையை ஆட்டினேன். "வீட்ல சண்டை வேணாம்னு பார்த்தேன்," என்றேன்.

அவள் மெதுவாகத் தன் கையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"சண்டை வாணாம்னு," என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, கட்டிலில் கட்டையாகக் கிடந்த தன் காலைப் பார்த்தாள்.